சும்மா இருக்கச் சொன்னது யார்?

மே 30, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கான உலக எம்.எஸ். தினம். அக்னி நட்சத்திரம் முடிந்து, ஊர் மூச்சு விடும் நேரத்தில் வருகிறது. எம்.எஸ்.ஸுக்கும் வெயிலுக்கும் ஏழாம் பொருத்தம் என்பதால், வந்த கேள்விகளில் பாதி வியர்வையைப் பற்றி. மீதி பாதி வீட்டுப் பெரியவர்களைப் பற்றி. முன்னதற்கு மருத்துவத்தில் பதில் இருக்கிறது. பின்னதற்கும் முயன்று பார்த்திருக்கிறேன்.

திருநெல்வேலி கல்லூரி மாணவர்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றால் என்ன? உடற்பயிற்சிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கிருமியை விரட்ட வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், ஆள் தெரியாமல் சொந்த உடம்பின் மீதே கை வைக்கிறது. அடி வாங்குவது மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறை. உறை நன்றாக இருந்தால் வேகமான நரம்பிழைகளில் செய்தி நொடிக்கு 100 மீட்டர் வரை ஓடும். உரிந்த இடத்தில் தாமதமாகும். சில நேரம் போய்ச் சேரவே சேராது. எங்கே உரிகிறதோ அதைப் பொறுத்துப் பார்வை மங்கல், கால் மரத்துப்போதல், தள்ளாட்டம், சிறுநீர் அவசரம். உலகத்தில் 28 லட்சம் பேருக்கு மேல் இதோடு வாழ்கிறார்கள். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தெரியவரும். பெண்கள் அதிகம். தொற்றுநோய் அல்ல.

உரிந்த உறையை உடற்பயிற்சி ஒட்டித் தரும் என்று மனிதர்களிடம் யாரும் நிரூபித்ததில்லை. ஆனால் இந்த நோய் இதயத்தையோ, நுரையீரலையோ, தசையையோ நேரடியாகத் தாக்குவதில்லை. அவை பெரும்பாலும் நலிவது, பயந்துபோய் உட்கார்ந்தே இருப்பதால். ஆக, நோய் பிடுங்கியது ஒரு பங்கு, நாற்காலி பிடுங்கியது ஒரு பங்கு. இரண்டாவது பங்கைத் திரும்ப வாங்கலாம்.

தஞ்சாவூர் வாசகி: எனக்கு 31 வயது. எம்.எஸ். என்று தெரிந்த நாளிலிருந்து அம்மா துரும்பைக்கூட எடுக்க விடுவதில்லை. "டாக்டர்களே ஓய்வெடுக்கத்தானே சொல்வார்கள்" என்கிறார்.

அம்மா சொல்வது பொய்யில்லை, பழசு. ஒரு காலத்தில் டாக்டர்கள் அப்படித்தான் சொன்னார்கள். உடம்பு சூடானால் அறிகுறிகள் கூடுகின்றன, களைப்பு வேறு. எனவே அசையாதே என்றார்கள்.

அந்த அறிவுரை கிடைத்தவர்களில் ஒருவர் ஜிம்மி ஹ்யூகா. 1964 இன்ஸ்ப்ருக் குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு ஸ்லாலம் போட்டியில் வெண்கலம் வாங்கியவர். அவரும் வெள்ளி வாங்கிய பில்லி கிட்டும்தான் ஆல்பைன் பனிச்சறுக்கில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் அமெரிக்க ஆண்கள். 1970-ல் ஹ்யூகாவுக்கு எம்.எஸ். என்று தெரிந்தது. உடம்பை அலட்டிக்கொள்ளாதே என்றார்கள். சில வருடம் கேட்டுப் பார்த்தார். உடம்பும் தளர்ந்தது, மனமும் தளர்ந்தது. பிறகு தனக்குத்தானே ஒரு பயிற்சித் திட்டம் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினார். 1984-ல் கொலராடோவில் எம்.எஸ். உள்ளவர்களுக்கென்றே ஒரு மையம் தொடங்கினார். நோய் அவரை விட்டுவிடவில்லை. பின்னாளில் வீல்சேருக்கு வந்தார், 2010-ல் காலமானார். ஆனால் "அசையாதே" என்ற அறிவுரையை முதலில் அசைத்தவர்களில் அவர் ஒருவர்.

ஆய்வு ரீதியாக அதை அசைத்தது யூட்டா பல்கலைக்கழகம். 1996-ல் ஜாக் பெட்டஜான் குழு வெளியிட்ட ஆய்வில் எம்.எஸ். உள்ள 54 பேர். அவர்களில் ஒரு பிரிவினர் வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம், 15 வாரம் கையும் காலும் சேர்ந்து இயங்கும் சைக்கிளை மிதித்தார்கள். உடல் திறன் கூடியது, கை கால் பலம் கூடியது. சோர்ந்த மனநிலையும் கோபமும்கூடக் குறைந்தன. அம்மாவிடம் கோபத்தைப் பற்றிய செய்தியை முதலில் சொல்லுங்கள். "சும்மா இரு" என்பது ஞானிகளுக்கான உபதேசம்; தொடைத் தசைக்கு அல்ல.

வேலூர் ஆசிரியர்: பத்து நிமிடம் வேகமாக நடந்தால் ஒரு கண் மங்குகிறது. உட்கார்ந்தால் தெளிகிறது. பயந்துபோய் நடையையே விட்டுவிட்டேன். சரிதானா?

கண் உங்களை எச்சரிக்கிறது, தண்டிக்கவில்லை. 1890-லேயே ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊத்தாஃப் இதையே எழுதி வைத்தார்: உடல் உழைப்புக்குப் பின் பார்வை மங்கி, ஓய்வில் திரும்புகிறது. காரணம் சூடு. உறை உரிந்த நரம்பில் செய்தி ஏற்கெனவே தட்டுத்தடுமாறிப் போகிறது. உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே சிலருக்கு அது நின்றுவிடும். உடம்பு குளிர்ந்ததும் மறுபடி ஓடும். இதனால் நரம்புக்குப் புதிய சேதம் இல்லை.

எம்.ஆர்.ஐ. இல்லாத காலத்தில் இதையே பரிசோதனையாக வைத்திருந்தார்கள். சந்தேகப்படும் ஆளை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்து அறிகுறி கூடுகிறதா என்று பார்ப்பார்கள். நீங்கள் பிந்திப் பிறந்ததற்கு மகிழ்ச்சியடையலாம்.

உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை இதைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு பத்து நிமிடத்தை ஐந்து ஐந்தாக உடையுங்கள், வேகத்தைக் குறையுங்கள். கண் மங்கிய நேரத்தில் சாலையைக் கடக்காதீர்கள், ஸ்கூட்டரில் ஏறாதீர்கள். மற்றபடி நடையை விட வேண்டியதில்லை.

ஈரோடு வாசகர்: சூட்டினால் வந்த மங்கலா, நோய் மறுபடி தாக்குகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடிகாரத்தைப் பாருங்கள். சூட்டினால் வந்தது உடம்பு குளிர்ந்ததும் போய்விடும். ரிலாப்ஸ் என்றால் அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நிற்கும், ஓய்வெடுத்தாலும் போகாது. இடையில் ஒரு மூன்றாவது ஆள் உண்டு: காய்ச்சல், சிறுநீர்த் தொற்று. இவை பழைய அறிகுறிகளைக் கிளறிவிட்டு ரிலாப்ஸ் வேஷம் போடும். ஒரு நாளைத் தாண்டினால் நீங்களாக முடிவு செய்யாமல் டாக்டரிடம் போங்கள். ரிலாப்ஸ்தான் என்று தெரிந்தால் கடும் பயிற்சியை நிறுத்தி, மெல்லிய அசைவுகளோடு இருந்து, நிலைமை சீரானதும் அடிமட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள். விட்ட இடத்திலிருந்து அல்ல.

சென்னை வாசகி: இந்த ஊர் மே மாதத்தில் நோயில்லாதவர்களே வெளியே போவதில்லை. நான் எப்படி வாக்கிங் போவது?

போக வேண்டாம். வாக்கிங் என்பது கடற்கரைச் சாலையில்தான் நடக்கும் என்று சட்டமில்லை. மின்விசிறிக்குக் கீழே நின்ற இடத்திலேயே நடக்கலாம். வீட்டுக் கூடத்தில் அங்குமிங்கும் நடக்கலாம். வெளியேதான் என்றால் சூரியன் எழுவதற்குள் திரும்பி வந்துவிடுங்கள்.

கழுத்தில் ஈரத்துண்டு, தளர்வான பருத்தி உடை, கையில் ஜில் தண்ணீர். கடைசிச் சமாச்சாரத்துக்கு ஆதாரம் இருக்கிறது. சிட்னியில் ஓர் ஆய்வில், சூட்டைத் தாங்காத எம்.எஸ். உள்ளவர்களை வெக்கையான அறையில் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ஜில் தண்ணீர் குடித்தபடி மிதித்தவர்கள், வெதுவெதுப்பான தண்ணீர் குடித்தபோது மிதித்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். ஜில் தண்ணீர் குடித்தால் சளி பிடிக்கும் என்று பாட்டி வருவார். சிட்னியை அறிமுகப்படுத்தி வையுங்கள்.

நீச்சல் தெரிந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் எடையைத் தாங்கும், சூட்டையும் உறிஞ்சும். 27 முதல் 29 டிகிரி வரை உள்ள தண்ணீர் தோதானது. மூட்டுவலிக்காரர்களுக்காகச் சூடாக்கி வைத்திருக்கும் குளத்தில் மட்டும் இறங்காதீர்கள்.

கோவை வாசகர்: எவ்வளவு செய்ய வேண்டும்? அளவு சொல்லாத அறிவுரைகளைக் கேட்டு அலுத்துவிட்டது.

அளவு இருக்கிறது. 2013-ல் கனடா வகுத்த வழிகாட்டுதல், லேசானதிலிருந்து நடுத்தரம் வரை பாதிப்புள்ள பெரியவர்களுக்குச் சொன்னது: வாரம் இரண்டு நாள், 30 நிமிடம் மிதமான ஏரோபிக் பயிற்சி, வாரம் இரண்டு நாள் முக்கியத் தசைகளுக்குப் பலப் பயிற்சி. அவ்வளவுதான். 2020-ல் அமெரிக்காவின் தேசிய எம்.எஸ். சொசைட்டி வெளியிட்ட பரிந்துரை, வாரம் 150 நிமிடத்தை இலக்காக வைத்தது. அது முறையான பயிற்சியாகவும் இருக்கலாம், வீட்டு வேலை, தோட்ட வேலை போன்ற அன்றாட அசைவாகவும் இருக்கலாம், இரண்டும் கலந்தும் இருக்கலாம். அந்த அளவை மெதுவாகத்தான் எட்ட வேண்டும்.

மிதம் என்றால் என்ன என்று அடுத்த கேள்வி கேட்பீர்கள். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. பேசவே முடியாவிட்டால் வேகம் அதிகம்.

பெயர் வேண்டாம், திருச்சி: காலையில் எழும்போதே களைப்பு. மாமியார் "சோம்பேறித்தனம்" என்கிறார். இதில் பயிற்சி வேறா?

எம்.எஸ். களைப்பு தூக்கத்தில் தீரும் களைப்பல்ல. இந்த நோயில் மிக அதிகம் பேரைப் படுத்தும் அறிகுறியே அதுதான். வெளியே தெரியாது என்பதால் அதற்குச் சாட்சி கிடையாது. அதனால்தான் மாமியார் நீதிபதியாகிவிடுகிறார்.

உங்கள் தெம்பு ஒரு மாதச் சம்பளம். கொஞ்சம் நன்றாக இருக்கும் நாளில் துணி துவைத்து, பரணை ஒழித்து, முறுக்குப் பிழிந்து, ஐந்தாம் தேதியே காலி செய்துவிட்டு மூன்று நாள் படுத்துவிடுகிறார்கள் பலர். வேலைகளைப் பிரித்து வைத்து, நடுநடுவே சின்ன ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள். களைத்த பிறகு எடுக்கும் ஓய்வைவிடக் களைக்கும் முன் எடுக்கும் ஓய்வு பலனுள்ளது.

களைப்பில் பயிற்சியா என்றால், ஆமாம், ஆனால் சிறிய அளவில். பயிற்சி செய்தவர்களுக்குக் களைப்பு குறைந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. உங்களுக்குத் தெம்பான நேரம் எதுவோ, பலருக்கு அது காலை, அந்த நேரத்தை அடுப்படிக்குக் கொடுப்பதற்கு முன் உங்கள் கால்களுக்குக் கொடுங்கள். பயிற்சியால் வந்த களைப்பு ஓரிரண்டு மணி நேரத்தில் வடிய வேண்டும். மறுநாளும் நீடித்தால் அளவு அதிகம்.

சேலம் வாசகர்: ஜிம்மில் சேரலாமா?

தாராளமாக. ஏசி உள்ளதாகப் பாருங்கள். பயிற்றுநரிடம் எம்.எஸ். என்று சொல்லிவிடுங்கள். அவர் "எம்.எஸ்.ஸி. எந்தப் பாடத்தில்?" என்று கேட்டால் வேறு ஜிம் பாருங்கள்.

மதுரை வாசகி: நடை மட்டும் போதாதா? எடை தூக்க வேண்டுமா?

நடை இதயத்துக்கு. எழுவதற்கும், படியேறுவதற்கும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பதற்கும் தசைப் பலம் தனியாக வேண்டும். அதற்கு இரும்பு வாங்க வேண்டியதில்லை. சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். எட்டுப் பத்து முறை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். முதல் தடவை மட்டும் ஒரு ஃபிசியோதெரபிஸ்ட் பார்க்கட்டும். எந்தக் கால் ஏமாற்றுகிறது என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

நாகர்கோவில் வாசகர்: பாதம் தொங்கி, தரையில் இழுபடுகிறது. கைத்தடி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். 38 வயதில் கைத்தடியா? வெட்கமாக இருக்கிறது.

1930-ல் ஒருவர் கைத்தடியோடு சபர்மதியிலிருந்து தண்டி வரை ஏறக்குறைய 385 கிலோமீட்டர் நடந்தார். யாரும் பாவம் பார்க்கவில்லை; பிரிட்டிஷ் அரசு பயந்தது. தடி தளர்ச்சிக்கு அடையாளம் என்று யார் சொன்னது? அது உங்கள் நடைத் தூரத்தை நீட்டும் கருவி. பாதம் தொங்குவதற்குக் கணுக்காலில் மாட்டும் ஸ்பிளிண்ட் உண்டு, பேண்ட்டுக்குள் மறைந்துவிடும். தடுக்கி விழுந்து எலும்பு முறிந்தால் போடும் மாவுக்கட்டு மறையாது.

கடலூர் வாசகி: வெளியே நடக்கப் போனால் சிறுநீர் அவசரமாக வந்துவிடுகிறது. அதனால் காலையில் தண்ணீரே குடிப்பதில்லை.

பலர் வெளியே சொல்லாமல் செய்யும் காரியம் இது. பலன் நேர் எதிர். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையை மேலும் உறுத்தும், தொற்று வரும், உடம்பு சூடேறும். கிளம்பும் முன் போய்விட்டு வாருங்கள். கழிப்பறை உள்ள பாதையில், அல்லது வீட்டு வாசலைச் சுற்றியே சிறு வட்டமாக நடங்கள். காப்பியை நடைக்குப் பிறகு தள்ளிப்போடுங்கள். டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மாத்திரை இருக்கிறது, இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சியும் இருக்கிறது.

புதுச்சேரி வாசகர்: என்னதான் சொன்னாலும், பயிற்சியால் ரிலாப்ஸ் அதிகமாகிவிட்டால்?

2014-ல் இதைத்தான் கணக்கெடுத்தார்கள். 26 ஆய்வுகள், 1,295 பேர். பயிற்சி செய்யாத பிரிவில் ரிலாப்ஸ் வந்தது 6.3 சதவீதம் பேருக்கு. செய்த பிரிவில் 4.6. இதை வைத்துப் பயிற்சி ரிலாப்ஸைத் தடுக்கிறது என்று குதிக்க வேண்டாம்; கூட்டவில்லை என்பது போதும். சுளுக்கு, வலி முதலிய உபாதைகள் செய்யாதவர்களிடம் 1.2 சதவீதம், செய்தவர்களிடம் 2.0. நடக்காதவனுக்குக் கால் சுளுக்காது என்ற அளவில் உங்கள் பயம் நியாயமானது.

கரூர் வாசகி: பயிற்சி செய்தால் மறதியும் குறையுமா?

குறையும் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் 2023-ல் வெளியான ஒரு பெரிய சோதனை இல்லையென்று தலையை ஆட்டிவிட்டது. படிப்படியாக முற்றும் வகை எம்.எஸ். உள்ள 311 பேர், ஆறு நாடுகள், 12 வாரம். மூளைப் பயிற்சியையும் ஏரோபிக் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்தும், மூளை வேகத்தில் மற்றப் பிரிவுகளைவிடக் கூடுதல் ஆதாயம் தெரியவில்லை. ஆகவே தசைக்கும், மூச்சுக்கும், மனநிலைக்கும் நடங்கள். சாவியை வைத்த இடம் ஞாபகம் வந்தால் அது போனஸ்.

காஞ்சிபுரம் வாசகர்: ஒரு யோகா மாஸ்டர், ஒரு மண்டலத்தில் எம்.எஸ்.ஸைக் குணப்படுத்துவதாகச் சொல்கிறார். ஊசி, மாத்திரையை நிறுத்த வேண்டுமாம்.

யோகாவை வைத்துக்கொள்ளுங்கள், மாஸ்டரை மாற்றுங்கள். யோகா உடம்பை இலகுவாக்கும், மூச்சைச் சீராக்கும், களைப்புக்கும் உதவலாம். ஒற்றைக் காலில் நிற்கும் ஆசனங்களைச் சுவரோரம் செய்யுங்கள். அறையைச் சூடாக்கிச் செய்யும் யோகா உங்களுக்கானதல்ல. ஆனால் இந்த நோய்க்குத் தரும் மருந்துகள் அடுத்த தாக்குதலைக் குறைப்பதற்கானவை. அந்த வேலையை எந்த ஆசனமும் செய்வதில்லை. 48 நாளில் அவருக்குக் கிடைப்பது கட்டணம். நிறுத்திய மருந்துக்கான விலை பிறகு வரும், உங்கள் பெயருக்கு.

விழுப்புரம் வாசகர்: அண்ணன் வீல்சேரில் இருக்கிறார். அவருக்கு இதெல்லாம் முடிந்துபோன கதைதானே?

இல்லை. பாதிப்பை அளக்க ஜான் கர்ட்ஸ்கி 1983-ல் வகுத்த அளவுகோல் பூஜ்யத்திலிருந்து 10 வரை. 6 என்றால் 100 மீட்டர் நடக்கக் கைத்தடி வேண்டும். 7 என்றால் பெரும்பாலும் வீல்சேர். நான் மேலே சொன்ன 2020 பரிந்துரை 9 வரை உள்ளவர்களுக்கும் வழி சொல்கிறது. உட்கார்ந்தபடி கைகளால் சுழற்றும் சைக்கிள், ரப்பர் பட்டையை இழுப்பது, மூச்சுப் பயிற்சி, உதவியோடு கை கால்களை நீட்டுவது. படுக்கைப் புண்ணும் மூட்டு இறுக்கமும் நெஞ்சுச் சளியும் அசையாத உடம்பைத் தேடி வரும். அண்ணனுக்கு அசைவு மற்றவர்களைவிட அவசியம், குறைவல்ல.

திண்டுக்கல் மாணவி: என் சித்திக்கு எம்.எஸ். இந்த நோய் உள்ளவர்கள் யாராவது பெரிய விளையாட்டு வீரராக இருக்கிறார்களா?

பிரிட்டனின் கடீனா காக்ஸ். 2014-ல் எம்.எஸ். என்று தெரிந்தது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம், சைக்கிள் போட்டியிலும் தங்கம். ஒரே பாராலிம்பிக், இரண்டு விளையாட்டு. டோக்கியோவில் சைக்கிளில் மேலும் இரண்டு தங்கம். ஆனால் இதைக் காட்டி உங்கள் சித்தியிடம் "அவர் ஓடவில்லையா?" என்று கேட்காதீர்கள். எம்.எஸ். இல்லாத நீங்கள் பி.டி. உஷாவா என்று சித்தி திருப்பிக் கேட்பார்.

பெயர் வேண்டாம், ஓசூர்: தினமும் வாக்கிங் போவதைப் பார்த்துவிட்டு, "உனக்கு என்ன ஊனம்?" என்கிறார்கள் அலுவலகத்தில்.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் ஒன்று. மருத்துவக் குழு 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்று கொடுத்தால் சட்டச் சலுகைகளுக்குத் தகுதி உண்டு. காலையில் அரை மணி நடப்பவர் மாலையில் படியேற முடியாமல் போவது இந்த நோயின் சுபாவம். சான்றிதழ் கொடுக்க வேண்டியது மருத்துவக் குழு, பக்கத்து மேசை அல்ல.

தாம்பரம் வாசகர்: மனைவிக்கு எம்.எஸ். அவர் எழுந்திருக்கும் முன்பே எல்லா வேலையையும் நானே செய்துவிடுகிறேன். வேறென்ன செய்யலாம்?

கொஞ்சம் குறைவாகச் செய்யலாம். அவரால் முடிகிற வேலையைப் பிடுங்கினால், அவர் தசையிலிருந்து பிடுங்குகிறீர்கள். கனமான வாளியை நீங்கள் தூக்குங்கள்; காய் நறுக்குவதை, பூச்செடிக்குத் தண்ணீர் விடுவதை அவரிடமே விடுங்கள். கேட்டால் கை கொடுங்கள். குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள், வழுக்கும் மிதியடியைத் தூக்கிப் போடுங்கள்.

பிறகு, அவரோடு நடக்கப் போங்கள். வேகம் அவருடையது, நேரம் அவருடையது. வாரம் 150 நிமிடம் என்பது அவருக்கென்று போட்ட தனிக் கணக்கும் அல்ல. பெரியவர்கள் எல்லோருக்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு அதுவேதான். அவருக்கு நோய் இருக்கிறது, குறைவாக நடந்தால் ஒரு காரணம் சொல்லலாம். உங்கள் காரணம் என்ன?